கையுறை போட்ட கை

ஜூன் 3

மருமகளுக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் சொன்னாள். மனசில் இல்லாததை எழுதி மையை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. முந்தின நாளும் எடுக்கவில்லை. “அத்தை போன் கெட்டுப்போச்சா?” என்று என் மகனிடம் கேட்டாயாம். கெட்டது போன் இல்லை. அதை அணைத்து, பீரோவில் கம்பளிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

காரணம் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை என் ஓரகத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். உன் குரல் கேட்டால்தான் உன் மகள் வாண்டு வாயைத் திறப்பாள் என்று, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாய்: “அத்தை, கையை நல்லா கழுவினீங்களா? சோப்பு போட்டு?”

மூன்று பிள்ளைகளை வளர்த்த கை இது. அதில் ஒருத்தனைத்தான் நீ கட்டிக்கொண்டாய். அவன் வயிற்றுவலி என்று ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்ததில்லை. போகாத நாளெல்லாம் பொய் வலி. என் ஓரகத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூடாமல் சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

நீ ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று நின்றபோது நான் குறுக்கே விழவில்லை. “டாக்டர் பட்டம், ஒரே ஒரு இடம், எனக்குக் கிடைச்சிருக்கு அத்தை” என்று காகிதத்தை நீட்டினாய். சரி, டாக்டர்தானே, இடுப்பு வலிக்கு ஒரு மருந்து சொல் என்றேன். “அந்த டாக்டர் இல்லை அத்தை” என்றாய். பின்னே எந்த டாக்டர் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்காமலேதான் நாலு வயசுப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இனிமேல் போன் கிடையாது. போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நீ பேச ஆரம்பித்தால் நான் கத்துகிறேன். எனக்கு எழுதத் தெரியும். நாலாவதில் பாதிவரை படித்திருக்கிறேன். சொல்ல வேண்டியது இருந்தால் நீயும் எழுது.

வாண்டு நலம்.

உன் மாமியார்


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நான் ‘அன்புள்ள’ என்றே எழுதுகிறேன். கோபத்தில் எழுதினாலும் அப்படித்தான் பழக்கம்.

கை கழுவினீர்களா என்று கேட்டது தப்புதான். ஆனால் அது உங்களைக் கேட்டதில்லை. இங்கே காலையிலிருந்து இரவுவரை ஒருவரை ஒருவர் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வாய் பழகிவிட்டது. போன வாரம் பஸ் கண்டக்டர் சில்லறை கொடுத்தபோதுகூடக் கேட்க வந்து விழுங்கிக்கொண்டேன்.

என்ன வேலை என்று ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். செடியின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஆர்.என்.ஏ. என்று நூல் மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் மிகச் சின்னத் துண்டுகள் சில உண்டு. எந்த மரபணு பேசலாம், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அந்தத் துண்டுகள்தான் அடக்கி வைக்கின்றன. அவற்றின் வால் நுனியில் செடி ஒரு சின்ன முடிச்சு போடுகிறது. முடிச்சு இல்லாத துண்டைச் செடியே கடித்துத் தின்றுவிடும். தண்ணீர் இல்லாமல் செடி வாடும்போது அந்த முடிச்சு கூடுகிறதா, குறைகிறதா? என் ஐந்து வருஷமும் இந்தக் கேள்விதான்.

இதற்குக் கடுகு இனத்தில் ஒரு குட்டிக் களைச்செடியை ஒரு பெட்டி அறைக்குள் வளர்க்கிறோம். அங்கே விளக்குத்தான் சூரியன். ஆறு மணிக்கு விளக்கு அணையும். அந்த நேரத்துக்குச் சரியாக இலையை வெட்டி, உறைய வைத்து, பொடித்து, குழாயில் போட வேண்டும். நேரம் தள்ளினால் கணக்கே மாறிவிடும். இரண்டு மாதமாகச் செய்கிறேன். அத்தனையும் பாழ். ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் ஓடவிட்டுப் பார்த்தால் கோடு கோடாக நிற்க வேண்டியது புகை மாதிரி இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறி வெந்த நூடுல்ஸ் மாதிரி துண்டு துண்டாகியிருக்கிறது. தண்ணீரை மாற்றினேன், குழாயை மாற்றினேன், மேஜையைத் துடைத்துத் துடைத்து அதன் வண்ணமே போய்விட்டது.

ஜூலை 21 முதலாண்டு மதிப்பீடு. “அதுக்குள்ள நல்ல சாம்பிள் ஒண்ணாவது காட்டலைன்னா, இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லைம்மா” என்று என் பேராசிரியை சொல்லிவிட்டார். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

இந்த நேரத்தில் நீங்களும் போனைப் பூட்டி வைத்தால் நான் என்ன செய்வேன்? ஆறு மணிக்கு வாண்டுவின் குரல் ஒன்றுதான் எனக்கு மிச்சம். தயவுசெய்து பீரோவைத் திறந்துவிடுங்கள்.

மருமகள்


ஜூன் 14

மருமகளுக்கு,

திறக்க மாட்டேன்.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஒன்று மட்டும் புரிந்தது. மற்றவர்களை வாய் மூட வைக்கிற ஒன்று செடிக்குள் இருக்கிறது, அதைச் சுற்றி இருப்பவர்கள் எப்போது கடித்துத் தின்னலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது மாமியார். அதற்குப் பெட்டி அறை, விளக்கு, ஐந்து வருஷம் எல்லாம் எதற்கு? இங்கேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்திருக்கலாம்.

நூல் நுனியில் முடிச்சு போடாவிட்டால் தையல் பிரியும் என்கிறாய். யார் இல்லை என்றது?

என் மகன் சொல்கிறான், இந்தத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் இடம் காலியாம். “அவளை வரச் சொல்லும்மா, நீ சொன்னா கேப்பா” என்கிறான். நான் சொன்னதை நீ என்றைக்குக் கேட்டாய்? உன் நிச்சயதார்த்தத்தன்று உன் சித்தப்பா என்னைக் காட்டி, “இவங்க யாரு?” என்று கேட்டார். பையனைப் பெற்றவளைப் பார்த்துக் கேட்டார். நீ பக்கத்தில்தான் நின்றாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே இந்தப் பெண் நான் சொன்னதைக் கேட்காது என்று எழுதி வைத்துக்கொண்டேன். காகிதத்தில் இல்லை. எனக்குக் காகிதம் வேண்டாம்.

அவன் மாறி மாறி ஷிப்ட் போகிறான். துணை மின்நிலையத்தில் இரவெல்லாம் சுவிட்சுகளுக்குக் காவல், பகலெல்லாம் என் வீட்டில் குறட்டை. சாயங்காலம் வீட்டில் இருப்பது நானும் வாண்டுவும்தான். எனக்கு இடுப்பு இன்னும் வலிக்கிறது. கேட்டால்தானே சொல்ல.

வாண்டு நேற்று என் மூக்குக்கண்ணாடியைத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டாள். “குளிக்குது” என்றாள். வேறு விசேஷம் இல்லை.

உன் மாமியார்


ஜூன் 27

அன்புள்ள அத்தைக்கு,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாகத் தெரியவில்லை. எப்படி எழுதினாலும் நீங்கள் என்னைத் தொங்கவிடப் போகிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த நாளிலிருந்து எடுத்த இலை மாதிரிகளைப் புதன்கிழமை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஒன்றுவிடாமல். கோடுகள் வாய்ப்பாடு எழுதினாற்போல் நின்றன. கூட வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். “என்னக்கா மாத்தினீங்க?” என்றாள். ஒன்றும் மாற்றவில்லையே என்றேன். அப்புறம் என் போனில் பழைய அழைப்புகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நான் வீட்டுக்குக் கூப்பிட்ட நாள் எல்லாம் புகை. கூப்பிடாத நாள் எல்லாம் கோடு.

ஆர்.என்.ஏ.வைக் கரைக்கிற ஒரு பொருள் நம் தோலில் இருக்கிறது, வியர்வையில், எச்சிலில் இருக்கிறது. அதனால்தான் கையுறை. நானும் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். ஆனால் ஆறு மணிக்கு வெட்டுகிற வேலையும் நடக்க வேண்டும், வாண்டுவுக்குக் கதையும் சொல்ல வேண்டும். கையுறை போட்ட கையாலேயே போனை எடுத்துக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு பேசுவேன். “இன்னொரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்” என்று சொல்லி முடித்து, போனை வைத்துவிட்டு, அதே கையோடு குழாயைத் தொடுவேன். கையுறை போட்டிருந்தால் கை சுத்தம் என்று நினைத்துவிட்டேன், அத்தை. நாள் முழுக்க முகத்தில் தேய்கிற போனைத் தொட்டபின் கையுறை என்ன, வெறும் கை என்ன.

முதல் நாளே பாலபாடம் மாதிரிச் சொல்லிக் கொடுத்ததுதான் இது. கதை சொல்கிற அவசரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

நீங்கள் கோபித்துக்கொண்டு பூட்டினீர்கள், அதனால் எனக்கு மூன்று வார மாதிரி பிழைத்தது. நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

மதிப்பீடுவரை நானும் ஆறு மணிக்குக் கூப்பிடப் போவதில்லை. போனை வெளியே விட்டுவிட்டு வந்தால் போதுமே என்பீர்கள். வெட்டுகிற நேரமும் அவள் சாப்பிடுகிற நேரமும் ஒன்று; இரண்டு இடத்தில் இருக்க முடியவில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவள் சாப்பிடுகிறாளா?

மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

கை கழுவினீங்களா அத்தை! சோப்பு போட்டு!

உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. சோற்றை இறக்கிவைத்துவிட்டு, வாண்டுவை டைப்பிஸ்டிடம் விட்டுவிட்டு, மண்டையைப் பிளக்கிற வெயிலில் என் ஓரகத்தி வீட்டுக்கு நடந்தேன். அவள் படுத்திருந்தாள். எழுப்பி உட்காரவைத்து, ‘கையுறை போட்டிருந்தால் கை சுத்தம் என்று நினைத்துவிட்டேன், அத்தை’ என்ற இடத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். “இப்ப சிரி” என்றேன். “எதுக்கு?” என்றாள். மறந்துவிட்டாளாம்! நான் ஒரு மாதமாகச் சோறு தண்ணி இறங்காமல் வைத்துக்கொண்டிருப்பதை அவள் மறந்துவிட்டாளாம். இப்படிப்பட்டவர்களோடு நான் எப்படித்தான் குடித்தனம் பண்ணினேனோ.

அது கிடக்கட்டும். நீ இரண்டு மாதம் மேஜையைத் துடைத்தாய், தண்ணீரை மாற்றினாய், குழாயை மாற்றினாய். உன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு என் கையைப் பார்த்தாய். இதை நான் இப்போதைக்கு விடப்போவதில்லை. நீ பட்டம் வாங்குகிற அன்றும் சொல்வேன்.

நன்றி எனக்கு வேண்டாம். உனக்கு நல்லது செய்ய நான் பூட்டவில்லை.

நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன். அடுப்பில் பால்.

உன் மாமியார்


ஜூலை 8

அத்தை,

பால் பொங்கி முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன் நேற்றுக் கூப்பிட்டார். “பிள்ளை சாப்பிடறதே இல்லை. நான் லீவுல இருக்கற அன்னிக்குப் பாக்கறேனே, வாயைத் தொறக்க மாட்டேங்கறா. மெலிஞ்சு போச்சு. அம்மா உனக்குச் சொல்லலையா? போதும், கிளம்பி வா. ஆராய்ச்சி எங்க ஓடிப் போகுது?” என்றார். ஆராய்ச்சி ஓடித்தான் போகும், அது அவருக்குத் தெரியாது. இந்த இடத்துக்கு வரிசையில் நிற்பவர்களை நான் தினமும் நடைபாதையில் பார்க்கிறேன்.

விலகல் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை.

நல்ல மாதிரிகள் கையில் இருக்கின்றன. மதிப்பீட்டில் தேறிவிடுவேன் என்றுகூடத் தோன்றுகிறது. தேறினால் இன்னும் நாலு வருஷம். ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு நாலு வருஷம் நான் எந்த இலையை வெட்டுவது?

நான் கேட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அவள் சாப்பிடுகிறாளா, இல்லையா? நீங்கள் எனக்கு ஆறுதல் சொன்னதில்லை. பொய்யும் சொன்னதில்லை. அதை நம்பித்தான் கேட்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் தேதி போடுவேன்.

மருமகள்


ஜூலை 11

மருமகளுக்கு,

சாப்பிடுகிறாள்.

நன்றாகச் சாப்பிடுகிறாள். மெலியவில்லை. முந்தின கவுன் இடுப்பில் ஏறவில்லை, பிரித்துத் தைத்தேன்.

போனைப் பூட்டிய முதல் மூன்று நாள் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். பீரோவை உதைத்தாள். வெறும் வயிற்றோடு தூங்கினாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் நான் உள்ளே போய்விட்டு வருவதற்குள் தட்டைத் தரைக்கு இழுத்து, தானே பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். பாதி வாயில், பாதி தரையில். கிட்டே போனேன், “நீ போ” என்றாள். அன்றிலிருந்து அவளேதான். இப்போது சிந்துவதும் குறைந்துவிட்டது.

என் மகன் வீட்டில் இருக்கிற அன்று மட்டும் வாயை இறுக்கிக்கொள்வாள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு, நாற்காலி நாற்காலியாக, “ஒரு வாய் செல்லம், அப்பாவுக்காக” என்று பின்னாலேயே ஓடுவான். அவளுக்கு அது விளையாட்டு. அவன் தூங்கப் போனதும் வந்து என்னிடம் தட்டு கேட்பாள். இதை அவனிடம் நாலு தடவை சொன்னேன். “உனக்குத் தெரியாதும்மா” என்றான். அவன் பொய் சொல்லவில்லை, ஏமாறுகிறான். அவன் உன்னைக் கூப்பிடுவது பிள்ளை மெலிந்ததால் இல்லை, அவன் மெலிந்ததால். தன் சட்டையைத் தானே துவைத்துப் போடுகிறவன் மெலியத்தான் செய்வான். துவைக்கட்டும்.

ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். எழுத உட்கார்ந்தேன். ‘சாப்பிடுகிறாள்’ என்று எழுதினால் அடுத்த வரியையும் எழுத வேண்டும். அந்த வரியில் பேனா நின்றுவிட்டது. இப்போது எழுதுகிறேன், படித்துக்கொள். ஆறு மணிக்கு அவள் உன்னைக் கேட்பதில்லை. முதலில் கேட்டாள், இப்போது கேட்பதில்லை.

பள்ளிக்கூட வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வருவதானால் வா, கதவு பூட்டியில்லை. உனக்கு அவள் வேண்டும் என்று வா. பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு, நான் வாயைத் திறக்க மாட்டேன். அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று மட்டும் வராதே. நாளைக்கு நாலு பேரிடம், ‘பிள்ளைக்காக எல்லாத்தையும் விட்டேன்’ என்று நீ சொல்லக் கூடாது. நான் அங்கேயே எழுந்து, இல்லை என்று சொல்லுவேன். என் குணம் உனக்குத் தெரியும்.

எதுவானாலும் அந்த மதிப்பீட்டில் போய் நின்றுவிட்டு அப்புறம் முடிவு பண்ணு. பீரோவைத் திறந்துவிட்டேன். 21ஆம் தேதி ஏழு மணிக்குக் கூப்பிடு. சாப்பிட்டு முடித்திருப்பாள்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

உன் மாமியார்


ஜூலை 22

அன்புள்ள அத்தைக்கு,

தேறிவிட்டேன்.

குழுவில் ஒரு வழுக்கைத்தலைப் பெரியவர், முதல் இரண்டு மாதத்துப் புகையைக் காட்டி, “இதெல்லாம் ஏன் கெட்டுப்போச்சு?” என்றார். “என் கையாலதான் சார்” என்றேன். “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார். வாய் தவறி, “என் மாமியார் கோவிச்சுக்கிட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பேராசிரியை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இடம் எனக்கே என்று சொல்லிவிட்டார்கள். தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். விடவே இல்லை.

அப்புறம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நீங்கள்தான் பக்கத்தில் இருந்திருப்பீர்களே. “வாண்டு, அம்மா பேசறேன்” என்றேன். “நான் சாப்ட்டாச்சு. போனை வை” என்றாள். வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். ஒன்றரை மாதத்துக்கு அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியது உண்மை என்று தெரியும். இருந்தாலும் காதால் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவளுக்கு நான் தேவையில்லாமல் போகட்டும் என்றா இத்தனை பாடுபட்டேன்?

விலகல் கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. கிழிக்கக் கை வரவில்லை.

மருமகள்


ஜூலை 25

மருமகளுக்கு,

தேறினாய், சரி. சந்தோஷம் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உன் கடிதத்தின் பின்பாதியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

நான் எத்தனை மணிக்குக் கூப்பிடச் சொன்னேன்? ஏழு. நீ எப்போது கூப்பிட்டாய்? தெருவிளக்கெல்லாம் எரிந்து, டைப்பிஸ்ட் வீட்டில் செய்தி வாசித்து முடிந்து, அதற்கும் அப்புறம். தேநீர் வாங்கிக் கொடுத்தார்களாம், விடவே இல்லையாம். குடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வெளியே வர உனக்குக் காலா இல்லை?

அன்றைக்கு “அம்மா ஏழு மணிக்குப் பேசுவா” என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். சொன்னது என் தப்பு. சாயங்காலம் ஒரு பருக்கை சிந்தாமல் தின்றாள். தானே போய்க் கையைக் கழுவினாள். சோப்பு போட்டு. போய்ப் போனுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். “ஏழாச்சா?” என்றாள். ஆச்சு என்றேன். “ஏழாச்சா?” என்றாள் மறுபடியும். அதற்கப்புறம் கேட்கவில்லை. மூத்திரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. நான்தான் பாவாடை மாற்றினேன்.

நீ கூப்பிட்டபோது அவளுக்குக் கோபம் உச்சியில் இருந்தது. அதனால் ‘வை’ என்றாள். வைத்துவிட்டு எழுந்து போனாளா? போகவில்லை. திரும்ப அடிக்கும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நீ அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாயாம். இத்தனை படித்து என்ன புண்ணியம்? அங்கேயே கண் சொக்கிச் சாய்ந்தாள், தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன்.

மறுநாள் எழுந்ததும் உன் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். இதை அவள் மறக்க மாட்டாள், சொல்லிவிட்டேன். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று என்னைக் கேட்காதே.

அந்த விலகல் கடிதத்தைக் கிழிக்கக் கை வராவிட்டால் எனக்கு அனுப்பு. அலமாரித் தட்டில் விரிக்கக் காகிதம் இல்லை.

இனி தினமும் ஏழு. இலையை வெட்டி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூப்பிடு. அவள் போனை வைப்பாள். திரும்ப அடி. மறுபடியும் வைப்பாள். மறுபடியும் அடி.

உன் மாமியார்